கப்பல் டிக்கெட்டில் தெரியாத செலவு

கேள்வி (கோவை): சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நான்கு இரவுக் கப்பல் பயணம். விளம்பர விலையை வைத்துப் பட்ஜெட் போட்டேன். புக் செய்யப் போனால் துறைமுகக் கட்டணம், டிப்ஸ் என்று ஏறிக்கொண்டே போகிறது. இது சரியா?

பதில்: சரியில்லை. பல வருஷமாக என்னை உறுத்தும் விஷயம் இது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஓர் ஆளுக்கான விலை. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால்தான். தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் பணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும்.

அப்புறம் டிப்ஸ். மனமுவந்து கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். பல கப்பல்களில் குழந்தைக்கும் சேர்த்து. 18 டாலர் என்றே வைத்தாலும் நான்கு பேர், நான்கு இரவுக்கு 288 டாலர்.

ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. சிங்கப்பூரில் கிளம்பும் கப்பலுக்கு அது செல்லாது. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் மறைமுகக் கட்டணத்துக்கு எதிரான சட்டம் வந்ததும், பெரிய கம்பெனிகள் அமெரிக்க விளம்பரங்களில் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை போட ஆரம்பித்தன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? “எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை): குடிபான பேக்கேஜ் எடுத்தால் லாபமா? மனைவி மது அருந்துவதில்லை.

பதில்: எடுக்காதீர்கள். நான் எடுத்து நஷ்டப்பட்டவன். பல கம்பெனிகளில் அறையில் ஒரு பெரியவர் மது பேக்கேஜ் எடுத்தால் இன்னொருவரும் எடுத்தாக வேண்டும். பணம் கட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. நான்கு நாளும் ஆரஞ்சு ஜூஸ் மட்டும் குடித்த என் மனைவிக்கும் முழுப் பணம். கடைசி நாள் காலையில் கதவடியில் செருகியிருந்த கணக்குத்தாளில் அதுதான் பெரிய தொகை. தண்ணீரும் சாதாரண டீ, காபியும் பஃபே கூடத்தில் எப்படியும் இலவசம்.

கேள்வி (மதுரை): சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பும் கப்பலுக்கு, ஒருமுறை மட்டும் நுழையும் சிங்கப்பூர் விசா போதுமா?

பதில்: போதாது. கப்பல் திரும்பி வந்து இறங்குவதும் ஒரு நுழைவுதான்.

கேள்வி (ஈரோடு): இரண்டு வயதுப் பேரனைக் கூட்டிப்போகலாமா? நீச்சல் குளம்தான் அவனுக்கு உயிர்.

பதில்: போகலாம். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிறைந்தாலே ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் டயப்பர் போடும் குழந்தையைப் பெரிய குளத்தில் இறக்க விட மாட்டார்கள். குழந்தைகள் கிளப்பும் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான். சின்னக் குழந்தைகளுக்கென்று தனி நீர்விளையாட்டு இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி (சேலம்): நடுக்கடலில் போனில் வீடியோ பார்த்தேன். 11,000 ரூபாய் பில். கப்பல் ஏறியதும் கட்டணம் பற்றி மெசேஜ் வந்தது, படிக்கவில்லை.

பதில்: படிக்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். கட்ட வேண்டியதுதான். நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கை. ஏறியதுமே ஏரோப்ளேன் மோடில் போட்டிருக்க வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக பால்கனி அறைக்கு 2,40,000 ரூபாய் கட்டினேன். ஏறிப் பார்த்தால் ஜன்னலே இல்லாத உள்ளறை. “கப்பல்காரர்கள் அப்படித்தான் ஒதுக்குவார்கள்” என்கிறார் ஏஜெண்ட். பால்கனி என்று வாட்ஸ்அப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

பதில்: அவர் சொல்வதை நம்பாதீர்கள். கப்பல்காரர்கள் அறை எண்ணைத் தாங்களே ஒதுக்குவதுண்டு. ஆனால் பணம் கட்டிய வகைக்குக் கீழே இறக்குவது வழக்கமில்லை. உள்ளறையில் விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. பெற்றவர்களை அதில் படுக்கவைக்க நேர்ந்த உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது.

கப்பல் கம்பெனி கொடுத்த புக்கிங் உறுதிச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; எந்த வகை அறைக்குப் பணம் போனது என்று அதில் இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த வாட்ஸ்அப் மெசேஜையும், அறை எண் தெரியும் கப்பல் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.