அப்பளம் பாதி கருகுது, பாதி பச்சையா இருக்கு!
வாசகர் கேள்வி – பதில்: மைக்ரோவேவ் அவன்

மைக்ரோவேவ் பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே சொல்லும் நேரமெல்லாம் 800 வாட்ஸ் அவனில், முழு பவரில் வைத்தால் ஆகும் நேரம். உங்களுடையது 700 வாட்ஸ் என்றால் சில விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். 1000 என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சுட்ட சப்பாத்தியை மத்தியானம் சூடு பண்ணினால் எடுத்தவுடன் மெத்தென்று இருக்கிறது. சாப்பிட உட்காருவதற்குள் அட்டையாகிவிடுகிறது. இட்லியும் ஓரமெல்லாம் காய்ந்துபோகிறது. ஏன்?
– மதுரை வாசகி

நேரம் கூடிப்போகிறது, அதனால் ஈரம் ஓடிப்போகிறது. மைக்ரோவேவ் முக்கியமாக உணவில் இருக்கும் தண்ணீரைத்தான் சூடேற்றுகிறது. ஒரு சப்பாத்தியில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம். அரை நிமிடத்துக்கு மேல் வைத்தால் அதுவும் ஆவியாகிவிடும். மிச்சமிருக்கும் மாவு ஆற ஆற விறைக்கும். ஒரு சப்பாத்திக்கு 15 விநாடி போதும். மூன்று நான்கு இருந்தால் அடுக்கி, பிழிந்த ஈரத்துணியிலோ ஈரமாக்கிய கிச்சன் பேப்பரிலோ சுற்றி 30 முதல் 40 விநாடி. சுற்றியபடியே ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். அப்படியும், உடனே சாப்பிட வேண்டிய பண்டம் அது. சூடு பண்ணி ஹாட்பேக்கில் போட்டு வைக்கலாம் என்று நினைத்தால் தோசைக்கல்லுக்கே போய்விடுங்கள்.

இட்லிக்கு ஈரம் தாராளமாக வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த நான்கு இட்லியைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்தெடுத்து, ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஒட்டாமல் வைத்து, மூடியை லேசாகச் சாய்த்து மூடி ஒரு நிமிடம் வையுங்கள். வெளியில் இருந்த இட்லி என்றால் 40 விநாடி. சாதத்துக்கு ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஒன்றரை நிமிடம். மூடியை இறுக்கி அடைத்துவிடாதீர்கள். ஆவி போக வழி இல்லாவிட்டால் மூடி தூக்கி எறியப்படும்.

எண்ணெய் இல்லாமல் அப்பளம் சுடலாம் என்றுதான் மைக்ரோவேவே வாங்கினேன். ஓரிடத்தில் பொரிந்து கருகுகிறது, பக்கத்திலேயே பச்சையாக இருக்கிறது.
– தஞ்சாவூர் வாசகி

உங்கள் அவன் எங்கே சூடு, எங்கே சூடில்லை என்று அப்பளம் படம் போட்டுக் காட்டுகிறது. வீட்டு மைக்ரோவேவ் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். வலுத்த இடத்துக்கும் அடுத்த வலுத்த இடத்துக்கும் ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளி. தட்டு சுற்றுவது இதைச் சரிக்கட்டத்தான். ஆனால் தட்டின் நட்டநடு மட்டும் நகர்வதே இல்லை. அங்கே சூடு குறைவாக இருந்தால் கடைசிவரை குறைவுதான்.

அதனால் அப்பளத்தை நடுவில் வைக்காமல் ஓரமாக வையுங்கள். இரு பக்கமும் எண்ணெய் தொட்ட விரலால் ஒரு தடவு தடவினால் பொரிவது சீராக இருக்கும், நிறமும் வரும். ஒரு அப்பளத்துக்கு 30 விநாடி. பச்சை தெரிந்தால் திருப்பிப் போட்டு இன்னும் 10 விநாடி. எடுத்தவுடன் வளைகிறதே என்று மறுபடி உள்ளே வைக்காதீர்கள், அரை நிமிடத்தில் மொறுமொறுப்பாகிவிடும். பழைய அப்பளம் என்றால் ஈரம் வற்றியிருக்கும், சரியாகப் பொரியாது. அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

மற்ற சமையலுக்கும் இதே கணக்குதான். கத்தரிக்காய், உருளைக்கிழங்குத் துண்டுகளைக் குவிக்காமல் தட்டின் ஓரத்தில் வட்டமாகப் பரப்புங்கள். குழம்பு, கூட்டு என்றால் பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறுங்கள். அலை உணவுக்குள் இரண்டு மூன்று செ.மீ. ஆழம்தான் போகும், அதற்கு உள்ளே இருப்பது வெளிச்சூடு பரவித்தான் வேக வேண்டும். முடிந்த பிறகு இரண்டு நிமிடம் மூடி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

பத்திரிகையில் 5 நிமிடம் என்று போட்டால் எங்கள் வீட்டில் 8 நிமிடம் ஆகிறது. அவன் பழுதா?
– விழுப்புரம் வாசகர்

சோதித்துப் பாருங்கள், தெர்மாமீட்டர் ஒன்று போதும். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கலக்கி, வெப்பநிலையைக் குறியுங்கள். முழு பவரில் ஒரு நிமிடம் வைத்து, உடனே கலக்கி மறுபடி பாருங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் தண்ணீருக்குள் இறங்கிய வாட்ஸ் கிடைக்கும். 11 டிகிரி ஏறினால் சுமார் 770; பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் 800 வாட்ஸ் அவனுக்கு இது சரியான அளவு. 7, 8 டிகிரிதான் ஏறுகிறது என்றால் மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை சோதியுங்கள். இரண்டும் வேறுபட்டால் கோளாறு வோல்டேஜில் இருக்கிறது. எப்போதும் குறைவுதான் என்றால், அலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரான் தளர்ந்திருக்கலாம்.

இன்னொன்று: அளவு இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். அடுப்பில் பழகிய கைக்கு இது லேசில் பிடிபடாது. ஒரு கப்புக்குச் சொன்ன நேரத்தில் மூன்று கப்பை வைத்துவிட்டு வேகவில்லை என்பவர்களே அதிகம்.

எவர்சில்வர் பாத்திரத்தை வைக்கவே கூடாதா? ஹோட்டல் பார்சல் டப்பாவை அப்படியே வைக்கலாமா?
– கோவை வாசகி

மைக்ரோ மோடில் எவர்சில்வர் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், சுவர் வழியாக உணவு சூடாகாது. கூரான முனையும் மெல்லிய விளிம்பும் இருந்தால் பொறி பறக்கும். முள்கரண்டி, அலுமினியத் தாள், ஜரிகைக் கோடு போட்ட பீங்கான் கப் எல்லாம் இதில் சேர்த்தி. கன்வெக்‌ஷன் மோடில் மட்டும் மைக்ரோ அலை கிடையாது, உள்ளே சுற்றுவது வெறும் வெப்பக் காற்று. அதில் கேக் டின் வைக்கலாம். இரண்டும் சேர்ந்த காம்பி மோடில் அவனோடு வந்த ஸ்டாண்டைத் தவிர வேறு உலோகம் கூடாது.

பார்சல் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். சாதம் மாதிரி எண்ணெய் குறைந்ததை ஒரு நிமிடம் சூடு பண்ணத் தாங்கும். சிக்கன் கிரேவி, தக்காளித் தொக்கு என்றால் அதிலும் வேண்டாம். எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அந்த இடத்தில் டப்பா உருகிச் சொரசொரப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். சாம்பார் கட்டித் தரும் பாலித்தீன் கவர், தெர்மகோல் தட்டு, ஐஸ்கிரீம் டப்பா, மெலமைன் தட்டு நான்கும் கண்டிப்பாகக் கூடாது. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

பீங்கான் தட்டில் சந்தேகமா? காலித் தட்டையும் பக்கத்தில் ஒரு கப் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகித் தட்டு குளிர்ந்திருந்தால் நல்ல தட்டு. தட்டு சுட்டால் அது அலையைத் தானே உறிஞ்சுகிறது, ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீரைச் சுட வைத்து எடுத்து காபிப் பொடியைப் போட்டதும் பொங்கி கையில் தெறித்தது. கொதிக்கவே இல்லையே!
– சேலம் வாசகி

கொதிக்காததுதான் காரணம். அடுப்பில் பாத்திரத்தின் அடியில் குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். வழவழப்பான கண்ணாடி கப்பில், மைக்ரோவேவில், குமிழி தொடங்க இடம் கிடைக்காமல் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். பொடியோ சர்க்கரையோ ஸ்பூனோ பட்டதும் மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து வெளியே வரும். புதுக் கப்பிலும், ஒரு முறை கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி வைக்கும்போதும் இது கூடுதலாக நடக்கும். 200 மி.லி. தண்ணீருக்கு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள். முடிந்ததும் அரை நிமிடம் உள்ளேயே விட்டு, முகத்தை விலக்கி எடுங்கள்.

ஃபில்டர் காபிக்காரர்கள் பாலை மட்டும் சூடு பண்ணி டிகாக்‌ஷனை அப்புறம் ஊற்றுங்கள். டிகாக்‌ஷனைக் கொதிக்க வைத்தால் மணம் போய்விடும்.

முட்டை அவிக்கலாமா?
– நாகர்கோவில் வாசகர்

ஓட்டோடு கூடவே கூடாது, வெடிக்கும். அவித்து உரித்த முட்டையை முழுசாகச் சூடு பண்ணுவதும் ஆபத்துதான்: மஞ்சள் கருவுக்குள் ஆவி அடைபட்டு, கடிக்கும்போது வாயில் வெடிக்கலாம். நான்காக வெட்டி வையுங்கள்.

பேரனுக்குப் பால் புட்டியை 20 விநாடி வைக்கிறோம். டாக்டர் திட்டுகிறார்.
– திருநெல்வேலி வாசகி

டாக்டர் பக்கம்தான் நியாயம். புட்டி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே பால் ஓரிடத்தில் நாக்கைச் சுடும் அளவு சூடாக இருக்கலாம். தாய்ப்பாலுக்கு அந்தச் சூடு இன்னும் கெடுதல். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, குலுக்கி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

ராத்திரி மிச்சமான சாதம் அடுப்பு மேடையிலேயே இருந்தது. காலையில் நன்றாக ஆவி பறக்கச் சூடு பண்ணினால் கிருமி செத்துவிடும்தானே?
– சென்னை வாசகர்

கிருமி சாகும், அது விட்டுப்போன விஷம் சாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து, சாதம் வடித்த சூட்டையும் தாங்கி நிற்கும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தி எடுக்க வைக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கொதிநிலையிலும் அழியாது. சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சூடு பண்ணும்போது நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும்.

வேர்க்கடலை வறுத்தபோது வெளியே வெள்ளையாக இருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டேன், புகை வந்துவிட்டது.
– பொள்ளாச்சி வாசகி

கடலை உள்ளிருந்துதான் கருகும். ஒரு கப் கடலையைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 2 நிமிடம், கிளறி ஒரு நிமிடம், அதன்பின் அரை அரை நிமிடமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கடலையைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளம்பொன் நிறம் வந்தால் நிறுத்துங்கள். வெளியே எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வறுபட்டுக்கொண்டிருக்கும். கறிவேப்பிலை காய வைப்பதிலும் இதே எச்சரிக்கை: பேப்பருக்கு நடுவில் ஒரு நிமிடம், பிறகு 20 விநாடியாக. ஈரம் தீர்ந்துவிட்டால் அடுத்தது நெருப்புதான், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். காய்ந்த மிளகாய் வேண்டாம். கதவைத் திறந்ததும் கண்ணும் தொண்டையும் எரியும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். காற்று கிடைக்காமல் தானே அணையும்.

தாளிக்கலாமா?
– கரூர் வாசகி

ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு வெடிக்கும், நேரம்தான் ஆகும். அதற்குள் அடுப்பில் தாளித்துக் கொட்டியிருப்பீர்கள். எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரிப்பது மட்டும் கூடவே கூடாது. சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் தீப்பற்றிவிடும்.

வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி இருக்கும் இடத்தில் பொறி பறக்கிறது.
– ஈரோடு வாசகர்

அது மைக்கா தகடு. அலை உள்ளே வரும் வாயில் எண்ணெயும் ஆவியும் போகாமல் மறைப்பது. குழம்பு தெறித்து அதில் படிந்து கரியாகிவிட்டால், கரியில் பொறி கிளம்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கருகி ஓட்டை விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். உதிரிபாகக் கடைகளில் முழுத் தகடாகக் கிடைக்கும். பழையதை மேலே வைத்து அளவெடுத்துக் கத்தரியால் வெட்டலாம். தகட்டை எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

பொறி வராமலிருக்க வாரம் ஒரு முறை துடைப்பதே வழி. ஒரு கப் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டு 4 நிமிடம் ஓட்டி, 5 நிமிடம் கதவைத் திறக்காமல் விடுங்கள். மீன் வாடையும் போகும், காய்ந்த கறையும் ஊறிவிடும்.

கதிர்வீச்சு வெளியே வருகிறதா என்று பார்க்க செல்போனை உள்ளே வைத்துக் கூப்பிடச் சொல்கிறார்கள். போன் அடித்தது. பயமாக இருக்கிறது.
– புதுச்சேரி வாசகி

அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. மிக மிக மெலிந்த சிக்னலைக்கூடப் பிடிக்கும்படி செய்தது செல்போன். அது அடித்தால் அவன் ஒழுகுகிறது என்று ஆகாது. அனுமதிக்கப்பட்ட கசிவு, அவனிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீட்டருக்கு 5 மில்லிவாட். விலகி நின்றால் இதுவும் வேகமாகக் குறைந்துவிடும். கதவில் தெரியும் கம்பி வலையின் ஓட்டைகள் 12 செ.மீ. அலைக்கு மிகச் சிறியவை, அதனால் அது தாண்டி வராது. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் கதிரும் இது இல்லை. ஆஃப் செய்த நொடியில் நின்றுவிடும், உணவில் தங்காது.

கவனிக்க வேண்டியது கதவைத்தான். கீல் தளர்ந்து கதவு தொங்கினாலோ, விளிம்பில் பிசுக்கு ஏறி ஒட்டாமல் நின்றாலோ, கண்ணாடி விரிசல் விட்டாலோ சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். கதவுப் பிடியில் ஈரத் துண்டைத் தொங்கவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை. நானே கழற்றிப் பார்க்கலாமா?
– ஓசூர் வாசகர்

வேண்டாம். மிக்ஸியைக் கழற்றும் கையோடு இதைத் தொடக்கூடாது. உள்ளே 2000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிர் போகும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். கோளாறு பெரும்பாலும் டயோடு, ஃபியூஸ், கதவு ஸ்விட்ச், மேக்னட்ரான் இவற்றில் ஒன்றாக இருக்கும். முதல் மூன்றும் செலவு குறைந்தவை. மேக்னட்ரான் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால், மற்றதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். காலி அவனை ஓட்டுவது மேக்னட்ரானைச் சீக்கிரம் கொல்லும். குழந்தைகள் பட்டனை அழுத்தும் வீட்டில் ஒரு கப் தண்ணீர் எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

பிளக் பாயின்ட் 16 ஆம்பியராக, சரியான எர்த்தோடு இருக்க வேண்டும். 800 வாட்ஸ் என்பது உணவுக்குப் போவது. கரண்டில் இருந்து இழுப்பது 1200 வாட்ஸுக்கு மேல், கன்வெக்‌ஷனில் 2000-ஐத் தாண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வீட்டு இன்வெர்ட்டர் இரண்டிலும் மாட்டாதீர்கள். பின்பக்கக் காற்றோட்டத் துளையைச் சுவரோடு ஒட்டி அடைக்காதீர்கள். கரப்பான் உள்ளே போய் பட்டன் போர்டைக் கெடுப்பதும் உண்டு. அவனைச் சுற்றிச் சிந்தியதை ராத்திரியே துடைத்துவிடுங்கள், மேலே துணி போட்டு மூடியிருந்தால் ஓட்டும் முன் எடுத்துவிடுங்கள்.