'டிசெப்ஷன்' (1946) படத்தில் நாயகி கிறிஸ்டின் (பெட்டி டேவிஸ்) உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்காதா?

முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இறந்துவிட்டதாக அவள் நம்பிய காதலன், செல்லோ (வயலின் வகையைச் சேர்ந்த பெரிய கருவி) கலைஞன் கரேல், போருக்குப் பிறகு உயிரோடு நியூயார்க் வருகிறான். அவளுடைய வீடோ ஆடம்பரமாக இருக்கிறது, அலமாரியில் விலை உயர்ந்த கோட்டுகள். பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தேன் என்கிறாள். அவன் சட்டெனச் சந்தேகப்பட்டுக் கொதிக்கிறான். அந்த முதல் கோபத்தைப் பார்த்த பிறகு அவளால் எப்படி உண்மையைச் சொல்ல முடியும்? பயம்தான் அவளைப் பேசவிடாமல் செய்கிறது.

அப்புறம் இசையமைப்பாளர் ஹொலேனியஸ். கரேல் இல்லாத காலத்தில் அவளுடைய காதலனாக இருந்தவர்; அவள் மறைக்கும் உண்மை இதுதான். கிளாட் ரெய்ன்ஸ் இந்தப் பாத்திரத்தில் பெட்டி டேவிஸையே மிஞ்சிவிடுகிறார். உணவகக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள்: ஒத்திகைக்கு முன் பதற்றத்தில் இருக்கும் கரேலை உட்கார வைத்துக்கொண்டு, எந்தப் பறவை, எந்த ஒயின் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். குரல் உயராது. ஆனால் அது சித்திரவதை. தன் புதிய கச்சேரிப் படைப்பைக் கரேலுக்கே வாசிக்கக் கொடுப்பதும் அதே கொடுமைதான். பரிசு போலத் தெரியும், பிடி அவர் கையில்.

அந்த செல்லோ இசையை எழுதியவர் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். பின்னர் அதை விரித்து மேடைக்கான தனிப்படைப்பாக்கினார். படத்தில் கரேலாக நடிப்பது பால் ஹென்ரீட், ஒலிப்பது எலினோர் ஆலரின் செல்லோ. முடிந்தால் இசையை மட்டும் தனியாக ஒருமுறை கேளுங்கள்.