ஹெட்லைட் மஞ்சளாயிடுச்சா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி (குடியாத்தம்): அண்ணே, பழைய வண்டி, லைட் ரெண்டும் மோர் தெளிச்ச மாதிரி மங்கிடுச்சி. டூத்பேஸ்ட் போட்டா பளிச்சுன்னு ஆவுதுன்னு வீடியோல காட்றாங்களே, நெசமா?

பதில்: ஆவும் தம்பி, கொஞ்ச நாளைக்கு. இப்ப வர்றது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக், கம்பெனிலயே மேல ஒரு கோட்டிங் குடுத்துதான் அனுப்புறாங்க, நம்ம வேலூர் வெயில்ல வண்டி தெருவுலயே நின்னா யூவி (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர்) பட்டுப் பட்டு அந்தக் கோட்டிங்தான் மொதல்ல செத்து மஞ்சளாவுது. பேஸ்ட் மேலாக்க தேய்க்கும், போன கோட்டிங் திரும்பி வராது.

கேள்வி (ராணிப்பேட்டை): அப்ப வீட்லயே ஒழுங்கா பண்ண என்ன வழி?

பதில்: ஷாம்பு போட்டு கழுவிட்டு சுத்தி மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து ஒட்டுங்க, இல்லன்னா பானட் பெயின்ட் போய்டும். 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல (ஈரத்துல தேய்க்கற உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைசா இருக்கும்) தண்ணி ஊத்திக்கிட்டே தேய்ங்க, வழியற தண்ணி மொதல்ல மஞ்சளா வரும், அது வெள்ளையா மாறுற வரைக்கும் விடாதீங்க, அப்பதான் பழைய கோட்டிங் முழுசா போயிருக்கு. அடுத்து 1000, 1500. ஒண்ணு படுக்க தேய்ச்சா அடுத்தது நெட்டுக்க, முன்னாடி போட்ட கோடு மிச்சம் இருந்தா அப்பதான் கண்ணுக்குத் தெரியும். இப்ப லைட் முன்னவிட மோசமா, பூரா வெள்ளையா தெரியும், பயப்படாதீங்க. யூவி தாங்குற டூ கே கிளியர் ஸ்பிரே (ஹார்டனர் கலந்து அடிக்கற நெறமில்லாத கோட்டிங்) அடிச்சா அந்தக் கோடுங்கள்ல எறங்கி கண்ணாடி மாதிரி ஆயிடும். கிளியர் அடிக்கறதா இருந்தா காம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) போடாதீங்க, வழவழன்னு ஆயிட்டா கிளியர் புடிக்காம உரிஞ்சிடும். அந்த ஸ்பிரே மூச்சுக்கு ரொம்பக் கெடுதி, சாதா துணி மாஸ்க் பத்தாது, பெயின்டருங்க போடற கேட்ரிட்ஜ் மாஸ்க் இல்லன்னா டிங்கரிங் கடையில குடுத்துடறதே மேல்.

கேள்வி (காட்பாடி): ஸ்பிரே இல்லாம முடியாதா சார்?

பதில்: முடியும். 2000, 3000 வரைக்கும் தேய்ச்சி காம்பவுண்ட் போடுங்க, டிரில்லுல பஃப் (பாலிஷ் போடற பேட்) மாட்டுனா ஒரே எடத்துல வெக்காதீங்க, சூடு ஏறி பிளாஸ்டிக் எளகிடும். ஆனா மேல ஏதாவது யூவி சீலன்ட் போடலன்னா கொஞ்ச மாசத்துலயே திரும்ப மஞ்சள்தான்.

கேள்வி (ஆற்காடு): பெட்ரோல், தின்னர்ல தொடைக்கலாமா?

பதில்: வேணவே வேணாம்மா. பாலிகார்பனேட்ல தின்னர் பட்டா உள்ளுக்குள்ள முடி முடியா வெடிப்பு விழும், அதுக்கு வைத்தியமே கெடையாது.

கேள்வி (ஆம்பூர்): மங்கலா இருக்கேன்னு 100/90 வாட்ஸ் பல்பு போடலாமான்னு பாக்கறேன்.

பதில்: எச் ஃபோர் பல்பு (ஹை பீம், லோ பீம் ரெண்டும் ஒண்ணுலயே இருக்கறது) 60/55 வாட்ஸ்தான் ப்ரோ. அதுக்கு மேல போனா ரிஃப்ளெக்டர் கருகும், வயர் எளகும், மங்குன லைட்ல வெளிச்சம் செதறி எதுக்க வர்றவன் கண்ணுதான் கூசும். மொதல்ல தேய்ங்க.

கேள்வி (வாலாஜா): எனக்கு உள்பக்கமா ஆவி படிஞ்சிருக்கு?

பதில்: மழையில படிஞ்சி லைட் எரிஞ்சதும் போயிட்டா ஒண்ணும் இல்ல. தண்ணியா தேங்கி நின்னா பின்னாடி ரப்பர் மூடியப் பாருங்க, வெளிய எவ்ளோ தேய்ச்சும் பிரயோஜனம் இல்ல.