அனுப்பக் கோபுரம் வேண்டும், கேட்கக் கம்பிச் சுருள் போதும்

கேள்வி: ஐயா, செல்போனுக்குள் இருக்கும் ஆன்டெனா விரல் நீளம்கூட இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் வி.எல்.எஃப். நிலையங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு உயரமான கோபுரங்கள்?

பதில்: நமக்குத்தான் அவை உயரம். அந்த அலைக்கு அவை குட்டைக் கோபுரங்கள். வி.எல்.எஃப். என்றால் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகக் குறைந்த அதிர்வெண். 20 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 15 கிலோமீட்டர். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா அதில் கால் பங்காவது இருந்தால்தான் திறமையாக வேலை செய்யும். அதாவது 3,750 மீட்டர். யாரால் கட்ட முடியும்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கட்லர் என்ற இடத்தில் 1961 முதல் இயங்கும் கடற்படை நிலையத்தில் 26 கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றில் மிக உயரமானதே சுமார் 300 மீட்டர்தான். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையக் கோபுரங்கள் 471 மீட்டர். அதுவும் தேவையில் எட்டில் ஒரு பங்குதான்.

ஆன்டெனா இப்படிக் குட்டையாக இருந்தால், ஏற்றும் மின்னோட்டத்தில் எவ்வளவு சக்தி அலையாக வெளியேறும் என்பதைச் சொல்லும் அளவான கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமுக்கும் கீழே போய்விடும். அப்புறம் மிகப் பெரிய மின்னோட்டத்தை ஏற்றினால்தான் உருப்படியாக ஏதாவது வெளியே போகும். கோபுர உச்சிகளுக்கு இடையே கம்பிகளைப் பந்தலாக இழுத்துக் கட்டுவது இதற்காகத்தான். ஆன்டெனா மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன் (மின்தேக்குத்திறன்) கூடும், மின்னோட்டம் உச்சிவரை குறையாமல் ஏறும், மின்னழுத்தமும் எல்லை மீறிக் காற்றில் பொறி பறக்கவிடாது. தரைக்குள்ளும் கிலோமீட்டர் கணக்கில் செம்புக் கம்பி புதைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் சக்தியில் பெரும்பங்கு மண்ணைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். கட்லரில் குளிர்காலத்தில் கம்பிகள்மேல் பனி உறைந்துவிடுகிறது என்பதால், அவற்றுக்குள் தனியே மின்சாரம் பாய்ச்சி உருக்குகிறார்கள். இத்தனை பாடுபட்ட பொறியாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: கடலுக்குள் இந்த அலை எவ்வளவு ஆழம் போகும்? கப்பலில் இருப்பவர்கள் திரும்பிப் பேசலாமா?

பதில்: உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் வீச்சு ஒவ்வொரு 1.8 மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே 10 முதல் 20 மீட்டர் ஆழம்வரைதான் பயன். 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ இதே தேய்மானம் கால் மீட்டரிலேயே வந்துவிடும். கப்பல் இன்னும் ஆழத்தில் இருக்க வேண்டுமானால், மிதக்கும் நீளக் கம்பி ஒன்றை மேலே விட்டு இழுத்துக்கொண்டு போகும். இந்த அலையில் பதில் அனுப்ப வழியில்லை. கப்பல்மேல் அந்தக் கோபுரத்தை வைக்க முடியாதே. பேச்சும் இல்லை. வினாடிக்குச் சில நூறு பிட் வேகத்தில் எழுத்துச் செய்தி மட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து இந்த நிலையங்களைக் கேட்க வேண்டுமானால் மாடியில் பெரிய ஆன்டெனா கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நான் ஆண்டுக்கணக்காக இந்த அலைவரிசையைக் கேட்டுவருகிறேன், என்னிடம் கோபுரம் இல்லை. உலகெங்கும் வினாடிக்கு நாற்பது, ஐம்பது மின்னல்கள் வெட்டிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் இரைச்சல், ரிசீவருக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலைவிட மிகமிகப் பெரிது. ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் சிக்னலோடு அந்த இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும், தெளிவு கூடாது. ஆகவே சிறிய ஆன்டெனாவே தாராளம்.

ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டம், அதில் எனாமல் செம்புக் கம்பி முப்பது சுற்று. இரு முனைகளையும் கணினியின் மைக் துளையில் கொடுங்கள். அங்கே வரும் சிறு மின்னழுத்தம் சுருளில் பாயாமலிருக்க இடையில் ஒரு மின்தேக்கி போடுங்கள். சவுண்டு கார்டு வினாடிக்கு 96,000 மாதிரி எடுத்தால் 48 கிலோஹெர்ட்ஸ்வரை திரையில் தெரியும். அதிர்வெண்களைப் பிரித்துப் படமாகக் காட்டும் மென்பொருளில் பார்த்தால், நேராக ஓடும் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு நிலையம். ஊசி ஊசியாகக் குறுக்கே வெட்டுபவை மின்னல்கள். முதல் நாள் எதுவும் தெரியாமல் இரைச்சல் மட்டும் இருந்தால் மனம் தளர வேண்டாம். சார்ஜர், எல்.ஈ.டி. விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மடிக்கணினியை பேட்டரியில் ஓடவிட்டு, சட்டத்தை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கி, கோடு தலைகாட்டும்.

அந்த ஒரு கோட்டின் பலத்தை நாள் முழுக்கப் பதிவு செய்யுங்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் அது ஏறி இறங்கும். பகலில் திடீரென்று சில நிமிடங்களில் மாறி, பிறகு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பினால், சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்து அதன் எக்ஸ்-கதிர், வளிமண்டலத்தின் மேலே மின்னேறிய துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் அடி அடுக்கைத் தாக்கியிருக்கலாம். மரச்சட்டத்தில் சுற்றிய கம்பி சூரியனைக் கவனிக்கிறது! இதைவிட மலிவான விண்வெளி ஆய்வு எனக்குத் தெரியாது.

கேள்வி: இயற்கையே "விசில்" அடிக்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். மின்னல் எழுப்பும் ரேடியோ அலையின் ஒரு பகுதி பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறு அரைக்கோளத்துக்குப் போகிறது. வழியில் உயர் அதிர்வெண் முந்தி, தாழ் அதிர்வெண் பிந்துவதால் இறங்கும் விசிலாகக் கேட்கும். காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு அது அரிது. ஆனால் மின்னல் எழுப்பும் இன்னொரு ஒலியான "ட்வீக்" இரவில் எளிதாகக் கிடைக்கும். "டியூங்" என்று ஒலித்து 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே வால் நீட்டும். தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடைப்பட்ட வெளியில் அதற்குக் கீழே சரியாகப் பரவ முடியாததால் அப்படி. ஒளியின் வேகத்தை அந்த அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுங்கள்: சுமார் 88 கிலோமீட்டர். இரவு அயனி மண்டலத்தின் அடி உயரம் அதுதான்.

கேள்வி: பழைய நிலையம் ஏதாவது இன்னும் ஒலிபரப்புகிறதா?

பதில்: சுவீடனில் கிரிமெட்டன். 1924-இல் தொடங்கியது, 127 மீட்டர் கோபுரங்கள் ஆறு. வால்வு, டிரான்சிஸ்டர் எதுவும் இல்லாமல், சுழலும் அலெக்சாண்டர்சன் மின்னாக்கியே 17.2 கிலோஹெர்ட்ஸை உண்டாக்குகிறது. யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வழக்கமாக கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும், ஜூன் இறுதி அல்லது ஜூலை தொடக்கத்திலும் மோர்ஸில் செய்தி அனுப்பும். எஸ்.ஏ.க்யூ. என்பது அதன் அழைப்புக்குறி. தொலைவு அதிகமானால் நிச்சயம் சொல்ல முடியாது, ஆனாலும் முயன்று பாருங்கள். அறிவித்த நேரத்துக்கு முன்பே சட்டத்தை அதன் திசைக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.