பார்த்தீனியம் மடக்கிய காட்டில் விதை முளைக்குமா?

காட்டில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்குதுங்க. அப்படியே உழுது மடக்கிவிட்டு கம்பு விதைக்கலாமா? (காங்கேயம்)

மடக்கலாம், உடனே விதைக்காதீர்கள். அதன் இலையிலும் தண்டிலும் உள்ள மெல்லிய மயிர்களில் பார்த்தீனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. செடி அழுகும்போது அதோடு ஃபெரூலிக், கஃபீயிக் போன்ற அமிலங்களும் ஈர மண்ணில் இறங்கும். பெரும்பாலும் அடி வாங்குவது முளைப்பைவிட முளைவேர்தான். விதை வெடிக்கும், வேர் நீளாது. கம்பு, ராகி, எள் போன்ற பொடி விதைகளுக்குத்தான் சேதம் அதிகம். நிலக்கடலை ஓரளவு தாங்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இந்தப் பொருட்களைச் சிதைத்துவிடும். அதற்கு ஈரமும், இரண்டு மூன்று வார அவகாசமும் வேண்டும்.

பூத்துவிட்டதென்றால் கதை வேறு. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். 1955-இல் புனேயில் கண்ணில் பட்ட செடி நம் காடுவரை வந்தது அப்படித்தான். பூக்குமுன் பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. தோல் அரிப்பு வந்தால் லேசில் விடாது.

ஒரு களை விதையை ஒடுக்குமா என்ற சந்தேகத்தை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (தாராபுரம்)

உண்டு. களையின் இலையை நறுக்கி ஒரு நாள் நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு தட்டில் துணி விரித்து, ஒன்றை அந்த நீரிலும் மற்றதை வெறும் நீரிலும் நனைத்து, எண்ணி ஒரே அளவு விதை போடுங்கள். ஐந்தாம் நாள் முளையை எண்ணி, வேரையும் அளங்கள். வடிநீரைப் பாதியாக, கால் பங்காக நீர்த்தும் பாருங்கள். மிகவும் நீர்த்தால் சிலசமயம் வளர்ச்சி கூடவும் செய்யும்! தட்டில் வேர் கருகியது என்பதற்காகக் காட்டிலும் அப்படியே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொருட்களில் ஒரு பங்கை மண் உறிஞ்சிக்கொள்ளும்.

வேலிக்காத்தான் ஓரம் எதுவும் வருவதில்லை. கிளுவை வேலி இருந்தபோது இப்படி இல்லைங்களே? (மூலனூர்)

வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலத்தின் உதிர்ந்த இலையில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடமாட்டேன். ஆழமாகவும் அகலமாகவும் ஓடும் அதன் வேர் ஈரத்தை முதலில் குடித்துவிடுகிறது. வேலியோரம் ஒரு சால் ஆழமாக ஓட்டி மேல்வேரை அறுத்துவிட்டு, சருகையும் வாரி எடுத்துப் பாருங்கள்.

சோளத்தட்டு அறுத்த காட்டில் எள் தேறுவதில்லை. (பல்லடம்)

களை மட்டுமல்ல, பயிரும் இந்த வேலையைச் செய்யும். சோள வேரின் தூவிகள் சார்கோலியோன் என்ற எண்ணெய்ப்பொருளைக் கசியவிட்டு, பக்கத்து இளஞ்செடிகளை ஒடுக்கும். கட்டை மட்கும்போது தழைச்சத்தும் முடங்கும். கட்டையைப் பறித்துவிட்டு, அடுத்த போகம் எள்ளுக்குப் பதில் கொள்ளு போடுங்கள்.