உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தென்காசி பக்கம். 2024 நாடாளுமன்றத் தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய், மதியத்துக்கு மேல் பூத்துக்குப் போனால் "உங்க ஓட்டு போட்டாச்சே" என்றார்கள். என்ன சொல்வதென்றே தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். "ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போகுது, விடு" என்கிறார் அப்பா. இனிமேல் போகவே மனசு வரவில்லை. மெஷினில் எப்படிப் போடுவது என்பதும் சரியாகத் தெரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பெண்ணை "போட்டாச்சே" என்ற ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டார்களே என்று. அவர்கள் உங்களை அப்படி அனுப்பியிருக்கவே கூடாது. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (ஆங்கிலத்தில் 49P) என்று ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சினிமா வந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது, அப்புறம் மறந்துபோனது.

அந்த விதிப்படி, உங்கள் பெயரில் வேறு யாராவது ஓட்டுப் போட்டிருந்தாலும், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் சரியாகப் பதில் சொல்லி நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டிவிட்டால், உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தர வேண்டும். இதை டெண்டர் ஓட்டு என்பார்கள், தமிழில் ஆய்வுக்குரிய வாக்கு. தனிப் பட்டியலில் உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் மறைப்புக்குள் போய் சின்னத்துக்கு நேரே முத்திரை குத்தி, மடித்து, அவரிடமே கொடுத்தால் தனி உறையில் வைப்பார். இத்தனைக்கும் பூத்தில் சத்தம் போடவே வேண்டாம். "எனக்கு 49பி சீட்டு கொடுங்கள்" என்று சொன்னால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டு எண்ணும் நாளில் அந்தச் சீட்டை எண்ண மாட்டார்கள். பிறகு எதற்கு என்று அப்பா கேட்பார். அந்த பூத்தில் எத்தனை டெண்டர் சீட்டு கொடுத்தார்கள் என்பது பூத்தின் ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் ஏறும், அதன் நகல் எல்லாக் கட்சி ஏஜெண்டுகள் கைக்கும் போகும். பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டால் கள்ள ஓட்டு நடந்ததற்கு ஒரு தடயமும் கிடையாது. வழக்கு என்று வந்தால் அந்த உறைகளுக்கு உயிர் வந்துவிடும். 2008ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி 62,215 ஓட்டு வாங்கினார், எதிர்த்து நின்ற கல்யாண் சிங் சௌஹான் 62,216. ஒரே ஒரு ஓட்டில் தோல்வி. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது அங்கே பேச்சே எந்தெந்த டெண்டர் சீட்டுகளை எடுத்துப் பார்க்கலாம் என்பதைப் பற்றித்தான்.

ராஜஸ்தான் தூரம் என்றால் உங்கள் பக்கத்து ராதாபுரத்தை அப்பாவிடம் சொல்லுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை ஜெயித்தது 49 ஓட்டு வித்தியாசத்தில். தள்ளுபடி செய்த தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2019ல். நாற்பத்தொன்பது பேர் என்றால் ஒரு சின்னத் தெருதானே.

சரி, உள்ளே என்ன நடக்கும்? முதல் அலுவலர் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைச் சத்தமாக வாசிப்பார், ஏஜெண்டுகள் காதில் விழுவதற்காக. ஓட்டர் ஐடி இல்லையென்றால் ஆதார், பான் கார்டு, லைசென்ஸ், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாஸ்புக் இப்படி ஏதாவது ஒன்று போதும். வீட்டுக்கு வரும் பூத் சிலிப் மட்டும் செல்லாது, ரேஷன் கார்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு துண்டுச் சீட்டு தருவார். அதை மூன்றாமவரிடம் கொடுத்ததும் அவர் தன் மேசையில் இருக்கும் பட்டனை அழுத்துவார். அப்போதுதான் மறைப்புக்குள் உள்ள மெஷினில் பச்சை விளக்கு எரியும். எரியாவிட்டால் அங்கிருந்தே சொல்லுங்கள்.

உங்கள் சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பட்டனை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். உடனே நகர்ந்துவிடாதீர்கள், நிறைய பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியே நீங்கள் போட்டவரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு ஏழு நொடி தெரியும், பிறகு உள்ளே விழும். பீப் சத்தமும் கேட்ட பிறகு வெளியே வாருங்கள். யாரையுமே பிடிக்கவில்லை என்றால் கடைசியில் நோட்டா இருக்கிறது. ஆனால் நோட்டாவுக்கே அதிகம் விழுந்தாலும் அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் ஜெயிப்பார், அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அடுத்த முறை காலையிலேயே போய்விடுங்கள், கள்ள ஓட்டுக்காரனுக்கு முன்னால் நீங்கள் நிற்பதுதான் நல்லது. தாமதமாகிவிட்டாலும் முடியும் நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் டோக்கன் கொடுத்து, எத்தனை மணியானாலும் ஓட்டுப் போட விட வேண்டும். அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டியது சட்டம், கம்பெனியில் கூசாமல் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போவது கஷ்டம் என்றால் படிவம் 8 கொடுத்து ஓட்டைத் திருப்பூருக்கே மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் இந்த வாரமே வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போட்டு, பட்டியலில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் இருக்கிறதா, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையில் கார்டு இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு கிடையாது.