மீன் லோடு வண்டி தளத்துக்கு 40,000 ரூபாய் கோட்டிங், அதுவும் லோன்ல... போடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா, தூத்துக்குடில இருந்து எழுதுறேன். போன ஜூன் கடைசில பொலிரோ பிக்கப் புதுசா எடுத்தேன், 1.7 டன் வண்டி. இஎம்ஐ மாசம் 18,700, அஞ்சாம் தேதி பிடிப்பாங்க. ராத்திரி மதுரைக்கு மீன் பெட்டி ஏத்துவேன், வரும்போது டைல்ஸ், கம்பி, வெங்காய மூட்டைனு எது கிடைக்குதோ அது. மாசத்துக்கு 25 ட்ரிப் ஓடிரும். எட்டு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள பின்னாடி தளத்துல பெயின்ட் உரிஞ்சு அங்கங்க துரு வந்துருச்சு. விசாரிச்சதுல ரப்பர் மேட் 6,500, இரும்பு செக்கர் ஷீட் 11,000, அலுமினியம் செக்கர் ஷீட் 18,000, ஸ்ப்ரே கோட்டிங் 40,000 சொல்றாங்க. கோட்டிங் கடைக்காரர், "லோன் போட்டுத் தரேன், 9 பெர்சன்ட்தான், மூணு வருசம் கட்டுங்க, பில்லும் தரேன் டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"ங்கிறார். கையில 45,000 இருக்கு. எது போட?

பதில்: தம்பி, நாலு விலையும் கரெக்டா எழுதிருக்கீங்க, ஆனா ஒரு தேதிய விட்டுட்டீங்க. ஏப்ரல் 15. அன்னைக்கு ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரைல விசைப்படகு கடலுக்குப் போகாது, உங்களுக்குத் தெரியாததா. ஆனா நீங்க வண்டி எடுத்ததே அந்த மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்ச கையோட, அதனால இஎம்ஐ கட்டிக்கிட்டே ஒரு தடைக்காலத்தை நீங்க இன்னும் பாக்கவே இல்ல. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், உலர் லோடு கொஞ்சம் கிடைக்கும், ஆனா 25 ட்ரிப் வராது. மே 5, ஜூன் 5 ரெண்டு இஎம்ஐ, மொத்தம் 37,400. உங்க கையில இருக்கற 45,000 கிட்டத்தட்ட அதுக்குத்தான் பிறந்த காசு. அதைத் தூக்கி தளத்துல பூசிட்டு மே மாசம் இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சுன்னா பவுன்ஸ் சார்ஜ், அபராதக் கட்டணம், கடன் ஒழுங்கா கட்டுறோமான்னு பாக்குற சிபில்ல ஒரு கறை, இவ்வளவும் சேந்து வரும். துரு அவ்வளவு வேகமா வராது.

சரி அப்ப லோன்ல போட்டுக்கலாமேன்னு தோணும். அந்த 9 பெர்சன்ட் ப்ளாட் ரேட்டான்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதுதான் சொல்லுவாங்க. 40,000க்கு வருசம் 3,600, மூணு வருசத்துக்கு 10,800 வட்டி, ஆக 50,800, மாசம் 1,411 ரூபாய். அசல்ல பாதிய கட்டி முடிச்ச பிறகும் முழு 40,000க்கே வட்டி போட்டுக்கிட்டு இருப்பாங்க, அதான் இதுல இருக்கற சூட்சுமம். உங்க வண்டி லோன் மாதிரி குறையிற பாக்கிக்கு வட்டி போட்டுப் பாத்தா இது 16 பெர்சன்ட்டுக்கு மேல போகுது.

டாக்ஸ் கதையும் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு வண்டி வச்சு வாடகைக்கு ஓட்டுறவங்க பெரும்பாலும் உத்தேச லாபம்னு ஆடிட்டர்கள் சொல்ற முறைலதான் ரிட்டர்ன் போடுறாங்க, 12 டன் வரைக்கும் உள்ள வண்டிக்கு மாசம் 7,500 லாபம்னு வச்சு வருசத்துக்கு 90,000 காட்டினா போதும். டீசல், டயர், தேய்மானம் எல்லாச் செலவும் அதுக்குள்ள கழிஞ்சதா எடுத்துக்குவாங்க, தனியா ஒரு கோட்டிங் பில்ல நீட்ட முடியாது. ஜிஎஸ்டி பதிவும் இருக்காதுன்னு நெனைக்கிறேன், அப்படின்னா பில்லுல போடுற வரியும் உங்க கைக்காசுதான்.

இப்ப தளத்துக்கு வருவோம். தேய்க்கிறது உரசலா தண்ணியான்னு முதல்ல முடிவு பண்ணணும், ஏன்னா ரெண்டுக்கும் மருந்து வேற. கல்லு, ஜல்லி ஓட்டுறவங்களுக்கு உரசல். உங்களுக்கு ரெண்டும் இருக்கு, ஆனா பெரிய எதிரி ஐஸ் உருகி மீனோட உப்பும் சேந்து ஒழுகுற தண்ணி. வரும்போது கம்பி கீறி விடுது, போகும்போது உப்புத்தண்ணி அந்தக் கீறல்ல உக்காருது. எட்டு மாசத்துலயே துரு வந்ததுக்குக் காரணம் இந்தக் கூட்டணிதான், வண்டி மட்டமான வண்டின்னு நெனச்சுக்காதீங்க.

இதை வச்சுப் பாத்தா அலுமினியம் உடனே அடிபட்டுப் போகுது. இரும்பு மேல அலுமினியத்தை வச்சு ரிவெட் அடிச்சு நடுவுல உப்புத்தண்ணி போனா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அரிச்சுப் போறது நீங்க 18,000 குடுத்து வாங்குன அலுமினியம்தான். காய்கறி வண்டின்னா நானே போடச் சொல்லிருப்பேன்.

இரும்பு செக்கர் ஷீட்ல வேற சங்கதி. உங்க தளம் சுமாரா ஒன்பதடிக்கு அஞ்சரை அடி, 50 சதுர அடி வரும், 3 எம்எம் ஷீட் அந்த அளவுக்கு 115 கிலோ பக்கம் நிக்கும். வண்டியோட மொத்த எடை ஆர்சில எழுதுனது எழுதுனதுதான், அது மாறாது, அப்ப 115 கிலோ மீனைக் குறைச்சு ஏத்தணும், இல்லைன்னா ஓவர்லோடு. மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவுல ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை மாட்டினா ஷீட் விலை ரெண்டு தடவை போன மாதிரி. இன்னொன்னு, வெல்டு வச்ச ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி போயிட்டா வெளிய வர வழியே கிடையாது, கீழ தளம் அரிக்கிறது கண்ணுக்கும் தெரியாது.

ஸ்ப்ரே கோட்டிங் கெட்ட சரக்குன்னு சொல்லவே மாட்டேன். ஷோரூம்ல இருந்து வந்த கையோட, துரு இல்லாத தளத்துல, வெறும் மீன் மட்டும் ஏத்துற வண்டிக்கு, சொந்தக் காசுல போட்டா அதுதான் பெஸ்ட், தண்ணியே உள்ள போகாது. உங்க தளத்துல இப்ப துரு இருக்கு, அதை முழுசா கிரைண்ட் பண்ணாம மேல அடிச்சாங்கன்னா துரு உள்ளயே வளரும். அதோட திரும்பி வரும்போது கம்பி ஏத்துறீங்க, ஒரு இடத்துல கிழிஞ்சா உப்புத்தண்ணி அடில ஊர்ந்து போயி தோல் மாதிரி உரியும்.

மிச்சம் ரப்பர் மேட். இதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஏன்னா எங்க தாய்மாமா மினி லாரில தண்ணி கேன் ஓட்டுனாரு, தடிமனா மேட் போட்டு அது நகரக்கூடாதுன்னு நாலு பக்கமும் போல்ட் அடிச்சு முடுக்கிட்டாரு, மூணு வருசம் தூக்கியே பாக்கல, எஃப்சிக்கு, அதான் வண்டி தகுதிச் சான்றுக்குப் போற வாரம் தூக்கினா ஸ்க்ரூடிரைவர் தளத்துக்குள்ள இறங்குது. அத்தை இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காமிப்பாங்க. மேட் தண்ணிய அடில பிடிச்சு வைக்கும், அதனால தூக்கிக் கழுவ முடியுற மேட் மட்டும்தான் மேட். 8 எம்எம் மேட் அந்த அளவுக்கு 55 கிலோ வரும், ஒத்தை ஆளா தூக்க முடியாது, ரெண்டு துண்டா வெட்டி வாங்குங்க.

நான் சொல்றது இதுதான். இப்ப எதையும் வாங்காதீங்க, துரு மேல மேட்டைப் போட்டு மூடுறது இன்னும் மோசம். தினம் மதுரைல மீன் இறக்குன உடனே நல்ல தண்ணில தளத்தைக் கழுவிட்டு, தண்ணி வடியிற ஓட்டைல செதிலு அடைச்சிருக்கான்னு ஒரு குச்சிய விட்டுப் பாத்துட்டுக் கிளம்புங்க, இதுக்குக் காசே கிடையாது. தடைக்காலம் ஆரம்பிச்சதும் வண்டிய பட்டறைல விட்டு துருவைச் சுரண்டி எபாக்சி பிரைமர்னு துரு தடுக்கிற அடிப்பூச்சு அடிச்சு மேல பெயின்ட், நாலு நாள் நல்லா காயட்டும், அப்பதான் வண்டி நின்னாலும் வாடகை போகாது. அதுக்கு ஒரு 3,500 வச்சுக்குவோம், மேட் 6,500, ஆக 10,000. மேட் ரெண்டு வருசம் வந்தாக்கூட, தடைக்காலம் போக வருசத்துக்கு 250 ட்ரிப்னு வச்சா ட்ரிப்புக்கு 20 ரூபாய். கோட்டிங் அஞ்சு வருசம் கிழியாம நின்னாலும் லோன் வட்டியோட ட்ரிப்புக்கு 40 ரூபாய்க்கு மேல.

இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, ட்ரிப்புக்கு நூறு ரூபாய் ஓரமா எடுத்து வைங்க, 5,000 சேரும். 45,000 பிளஸ் 5,000, அதுல 10,000 தளத்துக்குப் போனா 40,000 நிக்கும், ரெண்டு இஎம்ஐயும் அடங்கிரும். இந்தக் காசை ஓட்டுற அக்கவுன்ட்ல வைக்காதீங்க, டீசல் போட்டே கரைஞ்சிரும், வேற பேங்க்ல தனியா வைங்க.

இன்சூரன்ஸ் இதையெல்லாம் பாத்துக்காதான்னு அடுத்து கேப்பீங்க, துருவும் தேய்மானமும் பாலிசில கிடையாது. வண்டிய விக்கும்போது கோட்டிங் போட்டதுக்குன்னு யாரும் கூட்டித் தரமாட்டாங்க, ஆனா தளம் அரிச்சிருந்தா அதைக் காட்டி நல்லா அடிச்சுக் கேப்பாங்க, அதனால பிரைமர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பட்டறைக்காரர்கிட்ட ஏப்ரல் 16க்கு இப்பவே சொல்லி வச்சிருங்க. ஒரு வாரம் தள்ளிப் போனீங்கன்னா ஊர்ல உள்ள மீன் வண்டி பூரா அங்கதான் நிக்கும்.